ரீலிங் லைன் வீட்டுக்காரிகள்

ஜூன் 3, செவ்வாய்

தொண்டை டாக்டர் சொன்னதால்தான் இந்த டைரி. "மைக்குல பேசுறது உங்க வேலை, அதை விடச் சொல்லலை. வீட்டுக்குப் போனா வாயைத் திறக்காதீங்க. ஏதாச்சும் சொல்லியே ஆகணும்னா எழுதுங்க" என்றார். தொண்டைக்குள் காய்ப்பு மாதிரி ஏதோ வந்திருக்கிறதாம். மதுரை பஸ் ஸ்டாண்டு அறிவிப்புக் கூண்டில் உட்கார்ந்து "ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை" என்று நாளெல்லாம் கத்துகிறவளுக்குக் காய்க்காமல் என்ன செய்யும்? பஸ் கம்பெனிக்காரர்கள் பொங்கலுக்குக் கொடுத்த டைரி பிரிக்காமல் கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

இன்று வேலை முடிந்து வந்தால் எங்கள் ரீலிங் லைன் குடியிருப்பின் கேட்டில் கூட்டம். நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். கட்டடம் பலவீனமாகிவிட்டதாம், ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டுமாம், ரிங் ரோட்டுக்கு அப்பால் மாற்று வீடு கொடுப்பார்களாம். அங்கே இருந்து நான் காலை ஷிஃப்டுக்கு வர வேண்டுமென்றால் கோழி கூவுவதற்கு முன்னால் கிளம்ப வேண்டும்.

ரஹமத் அக்கா (கீழ் வீடு, இடியாப்பம் விற்பவர்) என் கையைப் பிடித்துக்கொண்டு, "மரகதம், இது என்னடி அநியாயம்?" என்றார். எனக்குப் பேசத் தடை. தலையை ஆட்டினேன்.

என் வீட்டுக்காரரும் லோடு வண்டியை நிறுத்திவிட்டு வந்து நோட்டீஸைப் படித்தார். ஆச்சரியப்படவில்லை. இவர் எதற்கும் ஆச்சரியப்படுகிற ஆள் இல்லை.

இரவு கத்தரிக்காய் புளிக்குழம்பு. உப்பு கூடிவிட்டது.

ஜூன் 5, வியாழன்

முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். நான் கூட்டத்துக்குப் போகவில்லை. கொடியில் காய்ந்த துணியை எடுக்கத்தான் போனேன்.

எலிசபெத்தம்மா ஸ்டூலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். மில் ஓடிய காலத்தில் ரீலிங் பிரிவில் நூல் சுற்றியவர். முட்டி போய்விட்டது, வாய் போகவில்லை. இந்த வீடுகளை முதலாளியின் மனைவி கோமளாம்பிகை அம்மாள் ரீலிங் பெண்களுக்காகவே கட்டினார். புருஷன் இல்லாதவர்கள், புருஷன் இருந்தும் இல்லாதவர்கள். நிலம் சர்க்கார் கொடுத்தது. வருமானம் குறைந்த பெண்களுக்குக் குறைந்த வாடகைக்குத்தான் விட வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தது. மில் மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. அந்த அம்மாளின் பேரன்கள்தான் இப்போது அறக்கட்டளை. அவர்களுக்கு இங்கே இருபது மாடி வேண்டும்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. ரஹமத் அக்கா என் தோளில் கிடந்த துணியை வாங்கிக்கொண்டு, "நீயாச்சும் சொல்லுடி, ஞாயித்துக்கிழமை எல்லாரும் மனுவில கையெழுத்துப் போட வரணும்னு" என்றார். சொன்னேன். கூண்டில் சொல்கிற மாதிரியே இரண்டு தடவை சொன்னேன். மாடிக் கடைசி வீடு வரைக்கும் கேட்டதாம்.

அது பேச்சு இல்லை. அறிவிப்பு.

ஜூன் 8, ஞாயிறு

மனு எழுதினோம். அதாவது அவர்கள் எழுதினார்கள், நான் எழுத்துப் பிழை பார்த்தேன். கலெக்டர் ஆபீசுக்கு நானே கொண்டுபோனால் நல்லது என்கிறார்கள், வேலை அந்தப் பக்கம் என்பதால். அந்தப் பக்கமே இல்லை. ஆனாலும் சரி என்றேன்.

இவர் இன்று நல்ல மனநிலையில் இருந்தார். ஜாங்கிரி வாங்கி வந்தார். என்ன விசேஷம் என்று சைகையில் கேட்டேன். "சும்மாதேன். இனிமே லோடு தொடர்ச்சியா கெடைக்கும்போல" என்றார். செங்கல், மணல், கம்பி என்று ஒரு வருஷத்துக்கு ஓட்டமாம். எங்கே என்று சொல்லவில்லை. ஊரெல்லாம் கட்டடம் கட்டுகிறார்கள், எங்கேயாவது இருக்கும்.

ஜூன் 11, புதன்

பூவிழி ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணினாள். நர்சிங் இரண்டாம் வருஷம். "அம்மா, நம்ம வீட்டை இடிக்கப் போறாங்களாமே? அப்பா புது வீட்டுல எனக்குத் தனி ரூம்னு சொல்றாரு?" என்றாள்.

அப்பா அவளிடம் விளையாட்டாகச் சொல்லியிருப்பார்.

போன வருஷம் அவள் கட்டில் மேலே கூரைப் பூச்சு ஒரு பாளமாக விழுந்தது. நல்ல வேளை, அவள் ஹாஸ்டலில் இருந்தாள். அன்றைக்கு இவர் அந்தக் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் வருகிறது. கட்டடத்தில் வியாதி இல்லை என்று நான் சொல்லவில்லை. பூச்சு உதிர்கிறது, குழாய் ஒழுகுகிறது. வியாதி என்றால் வைத்தியம் பார்க்க வேண்டும். பாடை கட்டிக்கொண்டா வருவார்கள்?

இதை ரஹமத் அக்காவிடம் சொன்னேன். அவர் போய் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். சாயங்காலம் அட்டையில் எழுதிக் கேட்டில் கட்டியிருக்கிறார்கள்: "வைத்தியம் பார்! பாடை கட்டாதே!" என் வாய் சும்மா இருக்காது என்று டாக்டருக்குத் தெரிந்துதான் இருக்கிறது.

ஜூன் 14, சனி

தண்ணீர் வரவில்லை. மோட்டாருக்கு ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார்கள்.

ஜூன் 16, திங்கள்

இன்று லீவு போட்டேன். தொண்டை வலி என்று சொன்னேன். பொய் இல்லை.

மூன்றாவது நாளாகத் தண்ணீர் இல்லை. அறக்கட்டளை மேனேஜர் சடகோபனுக்குப் போன் போட்டால், "பழைய வயரிங்மா, ஷாக் அடிச்சா யார் பொறுப்பு? பாதுகாப்புக்காகத்தான்" என்கிறார். அவர் ஆபீஸ் இதே தெருவில்தான், பழைய பங்களா. புல்தரைக்குத் தண்ணீர் சுற்றிச் சுற்றிப் பீய்ச்சிக்கொண்டிருக்கும்.

பத்து மணிக்கு எலிசபெத்தம்மா அழுக்குத் துணி மூட்டையோடு கிளம்பினார். "எங்கம்மா?" என்றதற்கு, "தொவைக்க" என்றார். அவ்வளவுதான். பின்னாலேயே குடம், வாளி, கைக்குழந்தை எல்லாம் கிளம்பிவிட்டன. வாட்ச்மேன் கேட்டை மூடுவதற்குள் பாதிப் பேர் உள்ளே. புல்தரைக் குழாயில் துணி துவைத்தோம். குழந்தைகளைக் குளிப்பாட்டினோம். ரஹமத் அக்கா இட்லி அரிசி களைந்தார். பெட்ஷீட்டை எங்கே காயப்போடுவது என்று பார்த்தேன். சடகோபன் கார் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. நல்ல பெரிய கார்.

அவர் வெளியே ஓடிவந்து, "போலீஸைக் கூப்பிடுவேன்" என்றார்.

"கூப்பிடுங்க சார். வந்தாங்கன்னா அவுங்களுக்கும் ஒரு டம்ளர் தண்ணி குடுங்க, வெயிலா இருக்கு" என்றார் ரஹமத் அக்கா.

போலீஸ் வந்தது. அந்தப் பெண் கான்ஸ்டபிள் எங்களைப் பார்த்தார், புல்தரையைப் பார்த்தார், சடகோபனிடம் "மோட்டாரைப் போட்டு விட்ருங்க சார், இதுக்குப் போயி" என்றார். மாலை நான்கு மணிக்குத் தண்ணீர் வந்தது. லைன் முழுக்கக் குலவைச் சத்தம்.

இவரிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. "பெரிய ஆளுகளப் பகைச்சுக்கிறீங்க. நாளைக்கு நமக்குன்னு ஒண்ணு கேட்டா அவெங்ய தருவாய்ங்யளா?" என்றார். நமக்கு என்று அவர்களிடம் கேட்க என்ன இருக்கிறது, தெரியவில்லை.

ஜூன் 21, சனி

மூன்று குடும்பம் காலி செய்துவிட்டுப் போனது. போகும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நம் மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. ஆர்.டி.ஓ. (கோட்டாட்சியர்) விசாரணை வரும் செவ்வாய்.

கற்பகம் (மாடியில் மூலை வீடு) தண்ணீர் பிடிக்கும்போது ஒரு விஷயம் சொன்னாள். போன மாதம் பைபாஸ் ஹோட்டலில் நம் லைன் ஆம்பளைகளுக்கு விருந்து நடந்ததாம், கறிச்சோறு, கோழி எல்லாம். அவள் வீட்டுக்காரன் போதையில் உளறினானாம். வேறு யார் யார் போனார்கள் என்று கேட்டேன். "தெரியலக்கா" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். என் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

அவளுக்கு எப்போதும் அவசரம்.

ஜூன் 24, செவ்வாய்

விசாரணைக்குப் போய் வந்தேன். சீரகத் தண்ணீர் குடித்தேன். சீக்கிரம் படுக்கிறேன்.

ஜூன் 25, புதன்

எழுதிவிடுகிறேன்.

ஆர்.டி.ஓ. ஒரு பெண். வயது என்னைவிடக் குறைவு. நிதானமாகத்தான் கேட்டார். எலிசபெத்தம்மா நிலம் வந்த கதையைச் சொன்னார். அடுத்து சடகோபன் எழுந்து, "குடியிருப்பவர்களே சம்மதம் தெரிவித்துவிட்டார்கள் மேடம். நாலஞ்சு பேர்தான் கலாட்டா பண்றாங்க" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். உதவியாளர் உரக்கப் படித்தார்.

முதல் பெயர்: தவசி, கதவு எண் பதினேழு.

எங்கள் வீட்டு எண் பதினேழு. என் வீட்டுக்காரர் பெயர் தவசி.

அதற்குப் பிறகு இருபது பெயருக்கு மேல் படித்தார்கள். எனக்குக் கேட்கவில்லை. யாரும் என் பக்கம் திரும்பவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. ரஹமத் அக்கா மட்டும் தன் முந்தானை நுனியை என் கையில் கொடுத்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார், சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பதைப் போல. அவர் மகன் பெயரும் அதில் இருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். டாக்டர் தடையெல்லாம் பறந்துவிட்டது.

"கையெழுத்துப் போட்டீங்களா?"

"போட்டேன்."

"எப்ப?"

"எப்பவா இருந்தா என்ன? மரகதம், நான் சொல்றதக் கேளு. இந்தக் கூரை நம்ம பிள்ள மேல விழப் பாத்துச்சு. நீ பாடை, வைத்தியம்னு எழுதிக் கட்டிட்ட. நான் தெனமும் மேல பாத்துக்கிட்டே படுக்குறேன். புதுசா கட்டுறதுல ரெண்டு ரூம் வீடு தாரேன்னுருக்காய்ங்ய. வண்டிக்கும் ஓட்டம். இதுல என்ன தப்பு?"

"எழுதிக் குடுத்தாய்ங்யளா?"

சட்டையைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டார்.

"ரஹமத் அக்காவுக்கும் ரெண்டு ரூம் உண்டா? கற்பகத்துக்கு? எலிசபெத்தம்மாவுக்கு?"

"ஊருக்கெல்லாம் நான் கேக்க முடியுமா?"

"நான் ஊருக்குத்தேன் கேட்டுக்கிட்டு இருந்தேன். நீங்க என்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல?"

"கேட்டா நீ விட்ருப்பியா?"

"விட்ருக்க மாட்டேன்."

"அதேன் கேக்கல."

நேர்மையான பதில். இருபது வருஷத்தில் இவர் சொன்ன பதில்களிலேயே நேர்மையானது இதுதான் என்று நினைக்கிறேன். சட்டையை மாட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜாங்கிரி, தனி ரூம், லோடு. எல்லாம் இந்த டைரியில் நானே எழுதியிருக்கிறேன். திருப்பிப் படிக்கப் பிடிக்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

இனி முற்றத்துப் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்தேன். முதல் கையெழுத்து என் வீட்டுக் கையெழுத்து. நான் எந்த முகத்தோடு பேசுவது?

சாயங்காலம் எலிசபெத்தம்மா வந்தார். முட்டி வலியோடு மாடி ஏறி வந்திருக்கிறார். உட்காரவில்லை. "ஏன் கீழ வரல?" என்றார்.

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"உன் புருஷன் போட்ட கையெழுத்துக்கு நீ ஏன் தலையக் குனியுற? இந்த வீட்டு வாடகை ரசீது யார் பேர்ல வருது?"

"என் பேர்ல."

"அதுக்கு முன்னாடி?"

"அம்மா பேர்ல."

"அப்பறம் அந்த ஆளு போட்ட கையெழுத்து எந்த வீட்டுக்கு?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவரும் யோசித்துச் சொன்னதில்லை, கோபத்தில் சொன்னதுதான். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. மெதுவாக உட்கார்ந்தார்.

இங்கே எல்லா வீடும் பெண்கள் பேரில்தான். அம்மாவுக்குப் பின் மகளுக்கு, மகள் இல்லையென்றால் மருமகளுக்கு. இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். "ரீலிங் லைன் மாப்பிள்ளை" என்று வீட்டோடு மாப்பிள்ளைகளைக் கேலி செய்வதே அதனால்தான். ஆனால் பேர் மட்டும் எங்களுடையது, பேச்செல்லாம் ஆம்பளைகளுடையது என்று இருந்து பழகிவிட்டோம். ஹோட்டலுக்கு அழைத்துப்போகிறவர்களும் அப்படியே நினைத்துத்தான் அழைத்துப்போயிருக்கிறார்கள்.

கீழே போனேன்.

ஜூன் 29, ஞாயிறு

வீடு வீடாகப் போனோம். "நான் சம்மதிக்கவில்லை. என் பெயரில் உள்ள வீட்டுக்கு வேறு யாரும் சம்மதம் தர முடியாது" என்று ஒவ்வொருத்தியும் தன் கையால் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு மற்றவர்கள் எழுதிக் கொடுத்தோம்.

சிலர் உடனே போட்டார்கள். சிலர் "அவுகளைக் கேட்டுட்டு" என்றார்கள். உங்களைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டவுகதானே அவுக, என்றார் ரஹமத் அக்கா. தன் மகனை வைத்துக்கொண்டே சொன்னார். அவன் செருப்பைத் தேடுகிற சாக்கில் வெளியே போய்விட்டான்.

கற்பகம் கதவைப் பாதிதான் திறந்தாள். கண்ணுக்குக் கீழே கன்னிப்போய் இருந்தது. "என்னால முடியாதுக்கா. கோவிச்சுக்காதீங்க" என்றாள். கோபம் இல்லை என்றேன். எனக்குக் கோபம்தான், அவள் மேல் இல்லை.

இவர் நான்கு நாளாக வீட்டுக்கு வரவில்லை. சோறு மிஞ்சுகிறது. அளவைக் குறைக்க இன்னும் கை பழகவில்லை.

ஜூலை 4, வெள்ளி

குரல் சுத்தமாகப் போய்விட்டது. எழுதத்தான் முடியும். எழுதுகிறேன்.

அடுத்த விசாரணை எட்டாம் தேதி. அதற்குள் ஆட்டத்தை முடித்துவிடப் பார்த்தார்கள். காலை ஏழரைக்கு, பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புகிற நேரம், ஜேசிபி வந்து காம்பவுண்டுச் சுவரை ஒரு இடி இடித்தது. பாதிச் சுவர் சரிந்தது. தட்டில் இருந்த இட்லியோடு ஓடி வந்தோம்.

சடகோபன் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். "சுவர் மட்டும்தான், ஆபத்தான சுவர்" என்று ஒரு ஆள் கத்தினான். ஜேசிபி சத்தத்தில் யார் பேசுவதும் கேட்கவில்லை. பெண்கள் சரிந்த சுவர் மேலேயே ஏறி உட்கார ஆரம்பித்தார்கள். எலிசபெத்தம்மாவை நாற்காலியோடு தூக்கி வந்து நடுவில் வைத்தோம்.

தக்காளி வண்டிக்காரர் ஒருவர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வண்டியில் ஸ்பீக்கர் "கிலோ இருபது, கிலோ இருபது" என்று பாடிக்கொண்டிருந்தது. "அண்ணே, மைக்கக் குடுங்க" என்றேன். கொடுத்துவிட்டார்.

எனக்குப் பேச்சு வராது. அறிவிப்பு வரும்.

"கனிவான கவனத்திற்கு. ரீலிங் லைனை இடிக்க வந்திருக்கும் ஜேசிபி, வந்த வழியே திரும்பிச் செல்லும். மீண்டும் அறிவிக்கப்படுகிறது..."

முதலில் நம் பெண்கள் சிரித்தார்கள். பிறகு தெருவே சிரித்தது. ஜேசிபி ஓட்டுகிற தம்பியும் சிரித்துவிட்டான். இன்ஜினை நிறுத்தினான். அப்போதுதான் பின்னால் நிற்கிற வண்டிகள் தெரிந்தன. இடிபாட்டை அள்ள மூன்று லோடு வண்டிகள். மூன்றாவது எங்களுடையது. முன் கண்ணாடியில் பூவிழி பெயர்.

இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைக் கையில் இருந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் இடைஞ்சலாக நிற்கிற பஸ்ஸுக்கு என்ன சொல்வேனோ அதையே சொன்னேன். வண்டி நம்பரை முழுசாகச் சொல்லி, "பயணிகளுக்கு இடையூறாக நிற்கும் இந்த வண்டியை, ஓட்டுநர் உடனடியாகப் பின்னால் எடுக்கவும்" என்றேன். நகரவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அப்போதும் நகரவில்லை. மூன்றாவது தடவை சொல்லும்போது குரல் கிழிந்தது. உள்ளே ஏதோ அறுந்ததைப் போல வலி. கடைசி வார்த்தை வெறும் காற்றாக வந்தது.

ஆனால் ரிவர்ஸ் கியர் விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. இவர் வண்டியைப் பின்னால் எடுத்து, தெருமுனையில் திருப்பி, போய்விட்டார். அவர் எடுத்ததும் மற்ற இரண்டு பேரும் எடுத்தார்கள். ஜேசிபி தம்பி சாவியை உருவிக்கொண்டு டீ குடிக்கப் போனான், திரும்பி வரவேயில்லை. மதியம் தாசில்தார் வந்து வேலையை நிறுத்திவிட்டுப் போனார்.

ரஹமத் அக்கா எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார். தக்காளி வண்டிக்காரர் மைக்குக்கு வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

ஜூலை 5, சனி

டாக்டர் திட்டினார். பத்து நாளைக்கு முணுமுணுக்கக்கூடக் கூடாதாம். வேலை இருக்குமா என்று தெரியவில்லை. கூண்டுக்கு வேறு ஒரு பெண்ணை உட்கார வைத்திருக்கிறார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வராந்தா முழுக்க நாங்கள்தான். எங்கள் மறுப்புக் கடிதங்களைக் கொடுத்தோம். சடகோபன் இந்தத் தடவை வக்கீலோடு வந்திருந்தார். வக்கீல் நன்றாகப் பேசினார். குடும்பத் தலைவர்கள் சம்மதித்த பிறகு தூண்டுதலின் பேரில் பெண்கள் மறுக்கிறார்கள் என்றார். "இந்த அம்மாவையே கேளுங்க மேடம். இவங்கதான் எல்லாத்துக்கும் முன்னால நிக்கிறாங்க. இவங்க வீட்டுக்காரர்தான் முதல் கையெழுத்து."

ஆர்.டி.ஓ. என்னைப் பார்த்தார். "சொல்லுங்கம்மா. உங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டிருக்காரே?"

எழுதிக் காட்டலாம் என்று பேனாவை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். எழுந்து நின்றேன். காற்று மட்டும்தான் வந்தது. ஃபேனை நிறுத்தச் சொன்னார் ஆர்.டி.ஓ. வராந்தாவில் இருந்தவர்கள்கூட மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

"அவர் என் புருஷன் மேடம். வீட்டுக்காரி நான்."

பிறகு எலிசபெத்தம்மா நாற்காலியிலிருந்து எழுந்து, "பதினொண்ணாம் நம்பருக்கு வீட்டுக்காரி நான்" என்றார். ரஹமத் அக்கா, "நாலாம் நம்பருக்கு நான்." ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். வராந்தாவிலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. உதவியாளர் எழுதி மாளாமல் பேனாவை உதறினார். கடைசியாக வாசலில் செருப்போடு ஒருத்தி நின்றாள். மூச்சு இரைத்தது. "இருபத்தி மூணாம் நம்பர். கற்பகம். நான்தான் வீட்டுக்காரி. நானும் சம்மதிக்கல" என்றாள். அவளாக பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

ஆர்.டி.ஓ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

ஜூலை 18, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. வாடகைதாரர்களான பெண்களின் சம்மதம் இல்லாமல் இடிக்கக் கூடாது. கட்டடத்தை அறக்கட்டளையே பழுது பார்க்க வேண்டும். நிபந்தனையை மீறினால் நிலத்தைத் திரும்ப எடுக்கலாமா என்று அரசு பரிசீலிக்கும்.

ரஹமத் அக்கா லைன் முழுக்க சேமியா பாயசம் கொடுத்தார். காலி செய்து போன மூன்று குடும்பத்தில் ஒன்று திரும்பி வர முடியுமா என்று கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறது. வரட்டும் என்றோம்.

ஜூலை 23, புதன்

அறக்கட்டளை ஹைகோர்ட்டுக்குப் போகிறதாம். போகட்டும். எங்களுக்கும் ஹைகோர்ட்டுக்குப் பஸ் தெரியும்.

பஸ் ஸ்டாண்டில் என்னை விசாரணைக் கவுண்டருக்கு மாற்றிவிட்டார்கள். மைக் இல்லை. மெதுவாகப் பேசினால் போதும். கூண்டுப் பக்கம் போகும்போது அந்தப் புதுப் பெண் "செங்கோட்டை"யை இழுக்கிற விதம் சரியில்லை என்று தோன்றியது. சொல்லவில்லை. பாத்ரூமில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

முற்றத்தில் சங்கக் கூட்டம். ரீலிங் லைன் குடியிருப்புப் பெண்கள் சங்கம் என்று பெயர். ஓட்டு, வாடகைதாரர்களுக்கு மட்டும். ஆம்பளைகள் வரலாம், பின்னால் உட்காரலாம், கேள்வி கேட்கலாம். என்னைத் தலைவியாக்கிவிட்டார்கள். குரல் இல்லாதவள் எதற்கு என்றேன். "நீ மெதுவாப் பேசினாத்தேன் எல்லாரும் வாய மூடுறாக" என்றார் எலிசபெத்தம்மா.

சாரம் கட்டியாயிற்று. கூரைப் பூச்சு வேலை மாடியிலிருந்து ஆரம்பிக்கிறது. எந்த வீடு முதலில் என்று பேச்சு வந்தது. கற்பகம் வீடு என்றேன். யாரும் மறுக்கவில்லை. அவள் வீட்டுக்காரன், இல்லை, அவள் புருஷன், இப்போது அவன் அம்மா வீட்டில் இருக்கிறான்.

பின் வரிசையில் இவர். எப்போது வந்தார் என்று கவனிக்கவில்லை. மெலிந்திருக்கிறார். கையைத் தூக்கினார்.

"ஹைகோர்ட் கேசுக்கு மதுரையிலயே வக்கீல் பாக்குறீங்களா, வெளிய பாக்கணுமா? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்..."

"உக்காருங்க" என்றேன். "உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் கையத் தூக்கியிருக்காக."

உட்கார்ந்தார். காத்திருந்தார். முறை வந்ததும் சொன்னார். உருப்படியான யோசனைதான். குறிப்பில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

கூட்டம் முடிந்து வந்து குழம்பைக் கூட்டி அடுப்பில் வைத்தேன். இருட்டவில்லை இன்னும். கதவு தட்டுகிற சத்தம். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இவர் கதவைத் தட்டி நான் பார்த்ததில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே வருவார், செருப்பு ஒரு பக்கம் பறக்கும்.

"யாரு?" என்றேன். கரகரவென்றுதான் வந்தது.

"தவசி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உள்ள வரலாமா?"

குழம்பு கொதிக்கிற பதத்தில் இருந்தது. அதை இறக்கி வைத்து, கையைத் துடைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, பிறகு போய்த் திறந்தேன்.